காரை வாடகைக்கு விடுமுன்

பாவு ஏற்றுமுன் இழையை எண்ணும் நாம், காரை வாடகைக்கு விடும்போது வாய்ச்சொல்லையே நம்பிவிடுகிறோம்.

சொந்த உபயோகத்துக்கெனப் பதிவான காரைப் பெர்மிட்டின்றி வாடகைக்கு விடுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற்குற்றத்துக்கே ரூ.10,000 அபராதம், சிறைத்தண்டனையும் உண்டு. விபத்து நேரின் இன்ஷியூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கக்கூடும். நஷ்டஈடு உரிமையாளர் தலையில் விழும். ஆதலின் வாடகைப் பதிவே முதற்கடமை.

அடுத்தது ஒப்பந்தம். வாடகை நாட்கணக்கா, கிலோமீட்டர் கணக்கா? பெட்ரோல் யார் செலவு? முன்பணம் எவ்வளவு? திருப்பித் தரும் நேரம் எது? பழுதுக்கும் அபராதத்துக்கும் பொறுப்பாளி யார்? இவற்றைத் தெளிவுற எழுதுதல் வேண்டும். ஓட்டுபவரின் லைசென்சைப் பார்வையிட்டு, மீட்டர் அளவையும் பழைய கீறல்களையும் குறித்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். உறவினர் கேட்பினும் இம்முறையைத் தளர்த்தலாகாது என்பதே நமது கருத்து. கணக்குத் தெளிவாயின் உறவும் நிலைக்கும்.