தையலுக்கு முன் கஞ்சி
(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

துவைத்த துணிக்குக் கஞ்சி போடுவதை நாம் அனைவரும் அறிவோம். வெட்டித் தைப்பதற்கு முன்பே கஞ்சி போடுவதன் பயனை அறிந்தவர் சிலரே.

துணியைப் பாவுநூல் வழியே இழுத்தால் அதிகம் நீளாது; மூலைவாக்கில் இழுத்தால் நீளும். ஒட்டுப்போர்வைக்கு வெட்டும் முக்கோணத் துண்டுகள் கோணிப்போவது இதனாலேயே. மறைந்த எங்கள் பாட்டியின் நூல்புடவைகளைக் கொண்டு என் அக்காள் தன் குழந்தைக்குப் போர்வை தைக்க முனைந்தார். நைந்த துணி கத்தரிக்கு அடங்கவில்லை. கெட்டுப்போனால் மாற்றுத் துணியும் இல்லை. கஞ்சியே கைகொடுத்தது.

மாவுச்சத்தும் பருத்தியின் செல்லுலோஸும் குளுக்கோஸ் அலகுகளால் ஆனவை. ஹைட்ரஜன் பிணைப்பால் அவை எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. இழைகள் நகராமல் நிற்கின்றன. குளிர்ந்த நீரில் மாவுச்சத்து கரையாது. ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியஸில் அதன் மணிகள் உப்பிக் கூழாகும். எனவே ஜவ்வரிசியை நன்கு வேகவைத்து, வடிகட்டி, நீர்க்கக் கலக்க வேண்டும்.

வெட்டிய பின் நனைத்தால் துண்டின் அளவு மாறக்கூடும். ஆகவே முதலில் அலசல், அடுத்துக் கஞ்சி, பிறகு உலர்த்தல், இஸ்திரி, இறுதியில் வெட்டு என்பதே முறை.

தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். தங்கிய கஞ்சி இராமபாணப் பூச்சிக்கு விருந்து. கடைசியாக அலசிய நீர் ஆறியபின், அதில் சிறிது எடுத்து ஒரு துளி அயோடின் கரைசல் விடுங்கள். நீலம் தோன்றினால் மறுபடியும் அலசுங்கள். நீலம் தோன்றாத பிறகே போர்வை பெட்டிக்குள் போகலாம்.