புற்றுநோய்ப் பரிசோதனையும் மகளிர் தயக்கமும்

இந்தியப் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய் முதலிடத்தையும் கருப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டாமிடத்தையும் பெறுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, கருப்பை வாய்ப் புற்றுநோயால் 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 80,000 பெண்கள் உயிரிழந்தனர். ஆயினும், பெருமளவு தடுக்கக்கூடிய நோய் இது. வைரஸ் தொற்றிய பின்னர் நோய் உருவாகப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைக்காலத்தில் மாறுதலுற்ற திசுக்களைக் கண்டு எளிய சிகிச்சையால் அகற்றிவிட முடியும்.

ஏட்டிலும் நடப்பிலும்

30 வயது முதல் 65 வயது வரையுள்ள மகளிருக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதனை செய்யவேண்டும் என 2016ஆம் ஆண்டில் மைய அரசு நெறிமுறை வகுத்தது. கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினால், மாறுதலுற்ற பகுதி சிறிது நேரத்தில் வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்யலாம். எனினும், 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30-49 வயதுப் பெண்களில் 1.9 விழுக்காட்டினரே கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தனர். மார்பகப் பரிசோதனையில் இவ்வளவு 0.9 விழுக்காடே.

தயக்கத்தின் காரணங்கள்

இதற்கு அறியாமையே காரணம் எனக் கூறிவிடுவது வழக்கம். அது முழு விளக்கம் ஆகாது. உடலில் நோவு இருந்தால்தான் மருத்துவரை நாடுவது என்பது குடும்பங்களில் ஊறிய பழக்கம். மார்பகக் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. உள்ளுறுப்புப் பரிசோதனைக்கு நாணம் தடையாகிறது. ஆண் மருத்துவர் எனில் தடை இரட்டிப்பாகிறது. நோய் உறுதியானால் குடும்பம் என்னாகும் என்ற அச்சமும் உண்டு. கணவர், மாமியார் ஆகியோரின் இசைவும் வேண்டியிருக்கிறது.

இவற்றோடு பொருளாதாரக் காரணமும் சேர்கிறது. அரசு நிலையத்தில் பரிசோதனை இலவசமே. ஆனால் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலியின் இழப்பு. பேருந்துக் கட்டணமும் வீட்டு வேலையின் சுமையும் தனி. இழப்பு இன்றே நேர்கிறது. பயனோ பல ஆண்டுகளுக்குப் பின் கிட்டுவது, கண்ணுக்குத் தெரியாதது. இந்நிலையில் அவள் தயங்குவதை மூடநம்பிக்கை என ஒதுக்க இயலாது.

உஸ்மானாபாத் தரும் பாடம்

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இன்றைய தாராசிவ்) 1999இல் ஒரு பேராய்வு தொடங்கப்பட்டது. 52 கிராமத் தொகுதிகளைச் சேர்ந்த, 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 1,31,746 பெண்கள் இதில் இடம்பெற்றனர். நலப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று விளக்கி அழைத்தனர். பரிசோதனை அருகிலேயே நடைபெற்றது. சிகிச்சைக்குப் பார்சி நகர் மருத்துவமனை துணை நின்றது. அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் பரிசோதனைக்கு வந்தனர். ஒரே ஒரு முறை வைரஸ் சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில், கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு, வழக்கமான மருத்துவ வசதி மட்டும் பெற்ற பிரிவைக்காட்டிலும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முடிவுகள் 2009இல் வெளியாயின.

நாடளாவிய ஆய்வில் நூற்றுக்கு இருவர். இங்கு நூற்றுக்கு எண்பதின்மர். அவர்களும் கிராமப்புறப் பெண்களே. நாணமும் அச்சமும் அவர்களுக்கும் பொதுவானவையே. வேறுபட்டது பணி அவர்களை அணுகிய முறையேயாகும்.

செய்யத்தக்கன

பரிசோதனை நாளை வேளாண் வேலை குறைந்த பருவத்தில் அமைத்தல், பெண் பணியாளரையே அமர்த்துதல், மறைவான அறை ஒதுக்குதல், கணவருக்கும் மாமியாருக்கும் உரியவாறு எடுத்துரைத்தல் ஆகியவை பெருஞ்செலவின்றி இயல்வன. பெண்கள் தாமே மாதிரி எடுத்துத் தரும் வைரஸ் சோதனை முறையை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுள்ளது. நாணத்தால் ஒதுங்குவோருக்கு இது உகந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குறை கண்டறியப்பட்டவருக்குச் சிகிச்சை தவறாது கிடைத்தல் வேண்டும். நோயைக் கூறி அலையவிட்டால், அச்செய்தி ஊரெங்கும் பரவி அடுத்த முகாமுக்கு எவரும் வாரார். சிகிச்சை பெற்று நலமுடன் வீடு திரும்பும் ஒரு பெண்ணே அவ்வூரில் திட்டத்தின் மீது நம்பிக்கையை வளர்ப்பாள். எனவே, எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்பதுடன், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தனர் என்பதையும் மாவட்ட அலுவலர்கள் கணக்கிடுவது இன்றியமையாதது.