வீட்டுக்குள் போகிற ஃபைலுக்கு நெட் ப்ளான் எதற்கு?

நம்பிக்கை: காப்பி மெதுவாக ஆகிறதா, நெட் ப்ளானை ஏற்றினால் சரியாகிவிடும்.

கரையான்சாவடி அடுக்குமாடி வீடு ஒன்றில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகூர்த்தம் முடிந்தால் 40 ஜிபி சேர்ந்துவிடும். ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளறை லேப்டாப்புக்கு அதை வைஃபையில் அனுப்புகிறார். நொடிக்கு 5 எம்பி என்று நகர்ந்தால் இரண்டே கால் மணி நேரம் ஆகும். "எதிர்வீட்டு அண்ணன் 300 எம்பிபிஎஸ் போட்டிருக்கார், நாமும் மாத்திடலாம்" என்று வீட்டில் பேச்சு கிளம்பும்.

அந்த ஃபைல் வாசலைத் தாண்டுவதே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து லேப்டாப்புக்கு, அவ்வளவுதான் பயணம். ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்து நெட் போகிற நாள் நம் பக்கத்தில் எப்படியும் வரும், அன்றைக்குக் காப்பி போட்டுப் பாருங்கள். அதே வேகத்தில் ஓடும். கூகுள் டிரைவில் ஏற்றி இறக்கினால் மட்டும்தான் ப்ளானுக்கு இதில் வேலை. பிறகு ஏன் சிலருக்கு ப்ளான் மாற்றியதும் வேகம் கூடுகிறது? புது ப்ளானோடு பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புது ரவுட்டர் மாட்டியிருப்பார்கள். பேர் மட்டும் ப்ளானுக்குப் போகிறது.

எம்பிபிஎஸ் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. அது பிட் கணக்கு. காப்பி விண்டோ காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பிதான், அதுவும் ஏட்டில். வைஃபையில் லேப்டாப் காட்டும் இணைப்பு வேகத்தில் பாதி கைக்கு வந்தாலே நல்ல வரவு.

நம்பிக்கை: சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது, அதனால் வைஃபை மேல் பழி இல்லை.

கோடு சொல்வது ரவுட்டரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை. அந்தக் காற்றில் இன்னும் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று அது சொல்லாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் வைக்கக்கூடிய சேனல்கள் வழக்கமாக 1, 6, 11 என்று மூன்றே. வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து பிளாக் என்று பெயர்கள் வரிசைகட்டும். எல்லாரும் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பதுதான் வைஃபையின் விதி. ஹாலில் ஒரு பழைய போன் மெதுவாக எதையோ இறக்கிக்கொண்டிருந்தால், அது பேசி முடிக்கும்வரை உங்கள் லேப்டாப்பும் வாயை மூடிக்கொண்டு நிற்கும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் பலர் கண்ணில் படுவதில்லை. இரண்டு கம்ப்யூட்டருமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரே காற்றில் இரண்டு தடவை பறக்கிறது: அனுப்புகிறவரிடமிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து வாங்குகிறவருக்கு இன்னொரு தடவை. வேகம் அங்கேயே பாதியாகிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரையாவது ஒயரில் சொருகிவிட்டால் அந்தப் பாதி திரும்பி வரும். என்னைக் கேட்டால் காசு செலவில்லாத முதல் வைத்தியம் இதுதான்.

அடுத்தது, பட்டியலில் '5ஜி' என்று முடியும் பெயரில் சேர்வது. செல்போன் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்று அர்த்தம். 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்த அலைவரிசையில் கூடுதல் இடத்தை லைசென்ஸ் இல்லாமல் வைஃபைக்குத் திறந்துவிட்டது. நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் இரண்டு செங்கல் சுவரைத் தாண்டினால் துவண்டுபோகும். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறவர்களுக்கு இதனால் லாபமில்லை.

நம்பிக்கை: ஆன்டெனா எத்தனையோ அத்தனை மடங்கு வேகம்.

பல ஆன்டெனாக்களில் ஒரே நேரத்தில் வெவ்வேறு தகவலை அனுப்பும் யோசனைக்கு 1990களின் தொடக்கத்தில் காப்புரிமை கோரியவர், பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, ஸ்டான்ஃபோர்டு போன ஆரோக்கியசாமி பால்ராஜ். 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். 2009இல் வந்த வைஃபை தரத்தில் அந்த யோசனை இடம்பிடித்தது. ஆனால் அதற்கு இரு முனையும் ஈடுகொடுக்க வேண்டும். ரவுட்டரில் ஆறு கொம்பு இருந்தாலும் லேப்டாப்பில் இரண்டே ஆன்டெனா என்றால் இரண்டு வழிதான்.

ஒயர் போட்டும் வேகம் நொடிக்கு 11 எம்பியில் ஆடாமல் அசையாமல் நிற்கிறதா? காப்பி விண்டோவின் பச்சைக் கோடு தட்டையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், எங்கோ 100 எம்பிபிஎஸ் அடைப்பு இருக்கிறது. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றின் போர்ட் அவ்வளவுதான். போர்ட் கிகாபிட் என்றால் ஒயரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் 100க்கு இறங்கிவிடும். கோடு மேலும் கீழும் குதித்தால் காற்றைச் சந்தேகிக்கலாம். பூஜ்யத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தால் ஹார்ட் டிஸ்க் மூச்சுவாங்குகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். ஐயாயிரம் சின்னப் போட்டோக்கள் ஒரே பெரிய வீடியோவைவிட நேரம் தின்னும்; ஜிப் போட்டு ஒரே ஃபைலாக அனுப்புவது மேல்.

இரண்டு லேப்டாப்பை நேரடியாக இணைக்கத் தனி கிராஸ் கேபிள் வேண்டும் என்று இன்னமும் சொல்கிறார்கள். கிகாபிட் போர்ட்களுக்கு அது தேவையில்லை, சாதாரண லேன் கேபிளே போதும். டிஸ்க் ஈடுகொடுத்தால் நொடிக்கு 110 எம்பி வரை வரும். அந்த 40 ஜிபி கல்யாணம் ஆறே நிமிடத்தில் உள்ளறைக்குப் போய்ச் சேரும்.