பிள்ளையை ஸ்போர்ட்ஸ் கிளப்பில் சேர்க்கும் முன், ஜெர்ஸியைப் படியுங்கள்

கோடையில் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிக்குப் போகிறவர்கள் ஸ்கோர் போர்டைப் பார்ப்பார்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பெற்றோர் ஜெர்ஸியைப் பார்க்க வேண்டும். இந்தியன் பேங்க், இந்தியக் கடற்படை, விமானப்படை, கேரள மின்வாரியம் என்று எழுதியிருக்கும். அவையெல்லாம் சம்பளம் போடுகிற ஆபீஸ்களின் பெயர்கள். ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் கைதட்டு வாங்குகிற ஆட்களில் பலர் சம்பளம், பி.எஃப்., இன்க்ரிமென்ட் எல்லாம் உள்ள ஊழியர்கள்.

கிரிக்கெட்டையும் இன்னும் இரண்டொரு ஆட்டங்களையும் விட்டுவிட்டால், நம் நாட்டில் ‘ஸ்போர்ட்ஸ் கெரியர்’ என்பது பெரும்பாலும் இதுதான்: ஆட்டத்தைக் காட்டி ஒரு வேலை, அல்லது ஒரு காலேஜ் சீட். முன்பு போல எல்லா வங்கிகளும் ஆள் எடுப்பதும் இல்லை. கம்பத்திலோ போடியிலோ ஒரு அகாடமிக்கு மாதாமாதம் ஃபீஸ் கட்ட யோசிக்கிறீர்கள் என்றால் இதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

1. எதற்காகக் கட்டுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

விடைகள் மூன்றுதான் உண்டு. கோட்டாவில் வேலையோ சீட்டோ வேண்டும். உடம்பும் ஒழுங்கும் வேண்டும். அல்லது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க ஒரு மெடல் வேண்டும். மூன்றாவதைக் குறை சொல்ல மாட்டேன். பலருக்கு நிஜக் காரணம் அதுதான். ஆனால் மூன்றாவதற்குச் செலவு செய்துகொண்டு முதலாவதை எதிர்பார்க்கக் கூடாது. கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் வேறு வேறு எழுதியிருந்தால், அந்த வீட்டில் பிள்ளை இரண்டு முதலாளிகளுக்கு வேலை பார்க்கிறது என்று அர்த்தம்.

2. ஃபீஸைப் பார்க்காதீர்கள், வருடச் செலவைப் பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஃபீஸ் மாதம் 1,500 என்றால் வருடம் 18,000. வளர்கிற கால், இரண்டு ஜோடி ஷூ 4,000. நான்கு வெளியூர் போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் 3,000 வீதம் 12,000. முட்டை, பால், பழம் என்று மாதம் கூடுதலாக 1,000 வைத்தால் இன்னொரு 12,000. மொத்தம் 46,000. ஐந்தாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எட்டு வருடம் போனால் 3,68,000. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ‘மாதம் வெறும் ஆயிரத்து ஐநூறுதானே’ என்று அட்மிஷன் டேபிளில் கேட்ட குரலுக்கும் இந்தத் தொகைக்கும் உள்ள தூரம் புரிந்தால் போதும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். கம்பத்திலிருந்து தேனி 40 கிலோமீட்டர் பக்கம். உத்தமபாளையம், சின்னமனூர் என்று நின்று நின்று போகிற பஸ்ஸில் போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். ஒன்றரை மணி நேரப் பிராக்டிஸுக்கு அது கட்டுப்படியாகாது. அப்பா அம்மா விடியற்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற வீடு என்றால் இன்னொரு கேள்வி: காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளையை கிரவுண்டில் யார் விடுவது? பாட்டியா, பக்கத்து வீட்டு அண்ணனா? பதில் இல்லையென்றால் காலை பேட்ச் வேண்டாம். பாதியில் நின்றுபோகிற பிள்ளைகளில் நிறையப் பேர் திறமைக் குறைவால் நிற்பதில்லை, கூட்டிப் போக ஆளில்லாமல்தான் நிற்கிறார்கள்.

3. இலவசமாகக் கிடைப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

இந்த வரிசையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் ஸ்கூல் பி.இ.டி. சார். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறுகிற குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளில் அவர் மூலம்தான் பிள்ளை இறங்க முடியும். அடுத்து தேனி மாவட்ட விளையாட்டு அரங்கம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோச் யார், என்ன ஆட்டம், என்ன நேரம் என்று நேரில் போய்க் கேளுங்கள். மூன்றாவது, அதே ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி அரசு செலவு. கோடை விடுமுறை நெருங்கும்போது அறிவிப்பு வரும், அசந்தால் ஒரு வருடம் போச்சு. இந்த மூன்றையும் தாண்டி இன்னும் மேலே ஏற வேண்டிய நிலைக்குப் பிள்ளை வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.

‘சின்ன வயசிலேயே ஸ்பெஷல் கோச்சிங் இல்லைன்னா லேட் ஆயிடும் சார்’ என்று பயமுறுத்துவார்கள். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பாருங்கள். பெற்றோரை இழந்து பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர். கோச் கண்ணன் கண்ணில் அவர் பட்டது பிளஸ் டூ படிக்கும்போது, ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடியபோது. பாட்டியைச் சம்மதிக்க வைக்கவே கோச் மெனக்கெட வேண்டியிருந்தது. பிறகு லேடி டோக் கல்லூரி, ரயில்வே வேலை, டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்பு ரிலே. ஏழு வயதில் அகாடமியில் சேர்ந்த கதை இல்லை இது. எல்லோரும் ரேவதி ஆகிவிட முடியாது என்பது சரி. ஆனால் ‘லேட்’ என்ற வார்த்தையை வைத்து உங்களிடம் அட்வான்ஸ் வாங்கவும் முடியாது. கிரிக்கெட் அப்பாக்கள் உடனே நடராஜனை இழுப்பார்கள். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்தவர், டி.என்.பி.எல். வந்த 2016க்குப் பிறகுதான் வெளியே தெரிந்தார். அவர் கதையும் அகாடமி ஃபீஸுக்கு ஆதரவான கதை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

4. சர்டிபிகேட் யார் கொடுப்பது?

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அரசு வேலையில் தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கவுன்சிலிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு 500 இடங்கள், எம்.பி.பி.எஸ்.ஸில் 7. மத்திய அரசு வேலைக்கு முக்கியமாக நான்கு ஃபார்ம்கள் இருக்கின்றன: நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம் 1, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியவருக்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஃபார்ம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு ஃபார்ம் 4. எல்லாவற்றிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: எந்த அமைப்பு நடத்திய போட்டி, யார் சார்பில் ஆடினாய்?

இப்போது பீரோவில் இருக்கிற ஃபைலை எடுங்கள். ‘நேஷனல் ஓப்பன் சாம்பியன்ஷிப்’, ‘இந்தோ-நேபாள் இன்டர்நேஷனல் கப்’ என்று தங்க நிறத்தில் எழுத்து மின்னும். எட்டாயிரம், பத்தாயிரம் கட்டினால் யார் வேண்டுமானாலும் போகலாம்; ஒரு எடைப் பிரிவில் மூன்றே பேர் நின்று மூன்று பேருக்கும் மெடல் கிடைத்திருக்கும். விமான நிலையத்தில் எடுத்த போட்டோ அழகாக இருக்கும். கவுன்சிலிங் சரிபார்ப்பு டேபிளில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பெண் கிடையாது. அதே ஃபைலில் கசங்கிக் கிடக்கிற மாவட்ட அணி சர்டிபிகேட்டாவது அடுத்த படிக்கு ஏற உதவியிருக்கும்.

எனவே எந்தப் போட்டிக்கும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த ஃபெடரேஷனின் கீழ் வருகிறதா? அந்த ஃபெடரேஷனின் மாவட்ட சங்கம் செலக்‌ஷன் வைத்து அனுப்புகிறதா, அல்லது பணம் கட்டினாலே போதுமா? சர்டிபிகேட்டில் வரிசை எண்ணும் செயலாளர் கையெழுத்தும் இருக்குமா, டிஜிலாக்கரில் ஏறுமா? பதில் சொல்லத் தடுமாறினால் அந்தப் பணத்தில் மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்குப் பிள்ளையை நாலு தடவை கூட்டிப்போய் வாருங்கள். 2025 ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆடிய மைதானம் தேனியிலிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் என்றால் என்னவென்று பிள்ளையின் கண் முதலில் பார்க்கட்டும்.

வயதைக் குறைத்துக் காட்டும் யோசனையை யாராவது காதில் போட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கிரிக்கெட் வாரியம் எலும்பு எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிறது. மாட்டினால் தடை பிள்ளைக்கு, யோசனை சொன்னவருக்கு இல்லை.

5. கோச்சை நீங்கள் இன்டர்வியூ எடுங்கள்.

அட்மிஷன் நாளில் கோச் பிள்ளையைப் பார்த்து ‘நல்ல ஹைட் இருக்கு’ என்பார். சிரித்துக்கொண்டே கேளுங்கள்: என்.ஐ.எஸ். டிப்ளமா உண்டா? ஒரு பேட்சில் எத்தனை பேர்? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்? மாவட்ட செலக்‌ஷனுக்கு யார் போனார்கள்? அடி விழுந்தால் முதலுதவி யார்? பிறகு சொல்லாமல் ஒரு நாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஒருவன் மட்டும் பந்தைத் தொடுகிற பேட்ச் என்றால் உங்கள் பிள்ளை ஒன்றரை மணி நேரத்தில் ஆடுவது சில நிமிடங்கள்தான். தோற்ற பையனிடம் கோச் பேசுகிற விதத்தையும் கேளுங்கள். ‘உன்னாலதான்டா’ என்று மற்றவர்கள் முன்னால் கத்துகிறவரிடம் பத்து வயதுப் பிள்ளையை விட வேண்டாம், அவர் எத்தனை சாம்பியனை உருவாக்கியிருந்தாலும்.

6. உடம்பு எச்.ஆர். மாதிரி; புகாரைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொடுக்கும்.

ஒரே ஆட்டத்தில் வருடம் முழுக்க இறங்குவதைப் பதினைந்து பதினாறு வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த ஆட்டத்துக்கு லீவு என்றும் சொல்கிறது. மளமளவென்று உயரம் ஏறுகிற பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் ‘தைலம் போட்டா சரியாயிடும்’ என்று ஓட விடாதீர்கள். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு பேட்ச் வைக்கிற அகாடமியை வேறு எதுவும் விசாரிக்காமலே நிராகரிக்கலாம்.

7. பெண் பிள்ளை என்றால் கணக்கு மாறும், உங்களுக்குச் சாதகமாக.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பெண்களை நிறுத்திவிடுகிற வீடுகள் நம் பக்கம் ஏராளம். சுயநலமாகவே பேசுவோம்: மற்றவர்கள் நிறுத்துவதால் வரிசை குறைகிறது. பல குழு ஆட்டங்களில் மாவட்ட அணிக்கு நிற்கிற பெண்களின் கூட்டம் பையன்களின் கூட்டத்தைவிடச் சின்னது. தொடர்கிற பெண்ணுக்கு மாநில அணி வாசல் அவ்வளவு தூரம் இல்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் வேண்டாம். வெளியூர் போட்டிக்குப் பெண் ஆசிரியரோ பெண் மேனேஜரோ கட்டாயம் கூடப் போக வேண்டும். தங்கும் இடம், பாத்ரூம், ரூமில் யார் யார் என்பதை முன்னாலேயே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற கோச்சிடம் பேச்சு முடிந்தது.

மார்க்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் ஆட்டத்தை அடியோடு நிறுத்துவது நம் ஊர் வழக்கம். அதனால் மிச்சமாகிற மாலை நேரத்தைப் பிள்ளை படிப்புக்குக் கொடுக்கிறதா, போனுக்குக் கொடுக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைப்பது பல வீடுகளில் போதும்.

8. ரெஸ்யூமேயில் எப்படி வரும்?

கோட்டா கிடைக்காத பிள்ளைக்கும் இதில் வரவு உண்டு, எழுதத் தெரிந்தால். ‘ஹாபி: பாஸ்கெட்பால்’ என்று கடைசி வரியில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். ‘பள்ளி அணி கேப்டன், இரண்டு சீசன், மாவட்ட அரையிறுதி, பன்னிரண்டு பேர் அணிக்குப் பயிற்சி நேரமும் பயண ஏற்பாடும் என் பொறுப்பு’ என்று எழுதினால் இன்டர்வியூ எடுப்பவர் அங்கே நிற்பார். ‘டீமில் சண்டை வந்தபோது என்ன செய்தாய்?’ என்ற கேள்வி ஃபிரெஷர் இன்டர்வியூவில் வராமல் இருப்பது அபூர்வம். புத்தகத்தில் படித்த பதிலும், பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவன் சொல்கிற பதிலும் குரலிலேயே வேறுபடும். இதற்காக இப்போதே ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, போட்டி, எதிரணி, முடிவு, தன் பங்கு. ஐந்து வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் ‘பல போட்டிகளில் பங்கேற்பு’ என்று மங்கிப்போகும்.

9. ஒவ்வொரு மே மாதமும் கான்ட்ராக்ட் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிப்பது பிள்ளையின் வேலை. ‘அடுத்த வருஷமும் போகணுமா?’ என்று கேளுங்கள். அது வாயைத் திறக்கும் முன் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு வரியில் எதற்காக என்று எழுதினீர்களோ அது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். கோட்டாவுக்காக என்றால், ஒன்பதாம் வகுப்பு முடியும்போது மாவட்ட அணிக்குள்ளாவது வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் ஃபீஸ் அகாடமியை விட்டு ஸ்கூல் டீமோடு நிறுத்தலாம். ஆரோக்கியத்துக்காக என்றால் மெடல் எண்ணாதீர்கள். ‘இவ்வளவு செலவு பண்ணியாச்சே’ என்பதற்காக மட்டும் இன்னொரு வருடம் கட்டாதீர்கள்.

விலகுவதாக இருந்தால் சொல்லாமல் நழுவ வேண்டாம். பாக்கி ஃபீஸைக் கட்டி, கோச்சை நேரில் பார்த்துப் பிள்ளையே சொல்லட்டும்; நாளை காலேஜ் டீம் செலக்‌ஷனில் அவர் ஒரு போன் போடக்கூடும். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, அட்டெஸ்டேஷனுக்கு இரண்டு செட் எடுத்துவிடுங்கள். ஒரிஜினலை ஜெராக்ஸ் கடை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு வராதீர்கள்.