ஒரு கிராம்னா எவ்வளவு?

ஒரு கிராம்னா எவ்வளவு? கிலோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குன்னு சொல்லாதீங்க. கையில எடுத்துக் காட்டுங்க பார்ப்போம். முடியலையா? எனக்கும் முடியல. நாலு வருஷமா நியூட்டன், பாஸ்கல்னு எழுதித் தள்ளின எனக்கு, என்.எஸ்.எஸ். கேம்ப்ல மூணாம் வகுப்புப் பசங்க முன்னாடி நின்னப்பதான் இது உறைச்சது.

முதல் நாள் நான் செஞ்ச தப்பு இதுதான்: போர்டுல "1 கிலோகிராம் = 1000 கிராம்"னு எழுதினேன். 3 கிலோன்னா? "மூவாயிரம்!"னு எல்லாரும் கத்தினாங்க. ரொம்ப சந்தோஷமா, "சரி, உங்க புத்தகப் பை எவ்வளவு இருக்கும்?"னு கேட்டேன். "50 கிராம்"னான் ஒருத்தன். "100 கிலோ"ன்னான் பக்கத்துல இருந்தவன். பூஜ்யம் சேர்க்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன், எடையைச் சொல்லிக் கொடுக்கலன்னு அப்பதான் புரிஞ்சது.

அதனால, அடுத்த கேம்ப்ல உங்களுக்குச் சின்னப் பசங்க கிடைச்சா, எண்ணைக் கடைசிக்குத் தள்ளி வைங்க. முதல்ல கனம், லேசு மட்டும் போதும். ஒரு கையில பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட், இன்னொரு கையில ஒரு சோப்பு. பார்த்தவுடனே எது கனம்னு கேட்டா பாதிப் பேர் சிப்ஸைக் காட்டுவாங்க. தூக்கிப் பார்த்ததும் முகம் மாறும். பெருசா இருக்கறதெல்லாம் கனம் இல்லைங்கறதை நீங்க வாயால சொல்லவே வேண்டாம்.

அப்புறம் தராசு. துணி மாட்டுற ஹேங்கரை ஜன்னல் கம்பியில தொங்க விடுங்க. ரெண்டு முனையிலயும் ஒரே அளவு நூல்ல ஒரே மாதிரி பேப்பர் கப். காலியா இருக்கும்போது நேரா நிக்கணும். சாஞ்சா லேசான பக்கம் கொஞ்சம் களிமண் ஒட்டுங்க. ஒரு பொருளை நிறுத்ததும் ரெண்டு பக்கத்தையும் மாத்தி வச்சும் பார்க்கச் சொல்லுங்க. நம்ம லேப்லயே பாதிப் பேர் இதைச் செய்யறதில்ல!

(நிறை வேற, எடை வேறங்கற பஞ்சாயத்தை மூணாம் வகுப்புல இழுக்காதீங்க. தட்டுத் தராசு நிறையைத்தான் ஒப்பிடுது, நிலாவுக்குக் கொண்டு போனாலும் அதே பதில்தான். அது நமக்குத் தெரிஞ்சா போதும்.)

இப்ப புளியங்கொட்டை. என்கிட்ட ஒரே ரப்பரை ரெண்டு குழு நிறுத்தாங்க. ஒரு குழுவுக்கு 11 கொட்டை, இன்னொண்ணுக்கு 14. சண்டை! அவசரப்பட்டுத் தீர்த்து வைக்காதீங்க. கொட்டை எல்லாம் ஒரே அளவு இல்லைன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும். பலம், வீசை, சேர்னு ஊருக்கு ஊர் கணக்கு மாறினப்ப பெரியவங்களுக்கும் இதே சண்டைதான். 1956-ல எடை அளவுச் சட்டம் வந்து, 1958-ல இருந்து படிப்படியா கிராமும் கிலோவும் கடைக்கு வந்தது.

எடைக்கல்லுக்கு எங்க போறது? நம்ம ஏ4 தாள்தான். ஒரு ஏ4 தாளோட பரப்பு ஒரு சதுர மீட்டர்ல பதினாறுல ஒரு பங்கு. பாக்கெட்ல 80 ஜிஎஸ்எம்னு போட்டிருந்தா, 80-ஐ 16-ஆல வகுங்க: ஒரு தாள் 5 கிராம். பத்து தாளைச் சுருட்டி நூல் கட்டினா 50 கிராம், இருபது தாள் 100 கிராம். அஞ்சு தாளைக் கையில வச்சுப் பார்த்து "இதுதான் 25"னு ஒருத்தன் சொன்னப்ப, எனக்கே அன்னைக்குத்தான் கிராம் கைக்குப் பிடிபட்டது. ஒரு விஷயம்: நிறுக்கறதுக்கு முன்னாடி உத்தேசமா ஒரு எண்ணைச் சொல்ல வைங்க. அங்கதான் பாடமே இருக்கு.

அந்த வகுப்புல ஒரு பொண்ணு. நோட்டுல கிராம் கணக்கு எல்லாமே தப்பு. கால் கிலோன்னா எந்தக் கல்லுன்னு கேட்டேன். "கால் கிலோவுக்குக் கல்லு ஏதுக்கா? எரநூறும் அம்பதும் சேர்த்து வைக்கணும். முக்கா கிலோன்னா ஐநூறு, எரநூறு, அம்பது"ன்னா. அம்மா தள்ளுவண்டியில காய்கறி விக்கறாங்களாம். போர்டுல இருந்ததுக்கும் அவளுக்குத் தெரிஞ்சதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு ஜல்லிக்கல்லோட வந்தா. அவங்க வண்டியில 50 கிராம் கல் தொலைஞ்சு போய், அதுக்குப் பதிலா அம்மா வைக்கறது இது. தராசுல வச்சோம். பத்து தாளுக்கு நேரா நிக்கல. பதினொண்ணு, ம்ஹூம். பன்னெண்டாவது தாளுக்கு நின்னது. 60 கிராம். அதாவது கால் கிலோ கேட்டவங்களுக்கெல்லாம் 260 போயிருக்கு. ஒரு நாளைக்கு நாப்பது பேர் கால் கிலோ வாங்கினா 400 கிராம் காய் சும்மா போகுதுன்னு அவளே விரல் விட்டு எண்ணினா. ஊரை ஏமாத்தறாங்கன்னு நினைச்சுட்டு இருந்த பசங்க எல்லாம் அமைதியாயிட்டாங்க.

முத்திரை போட்ட கல்லா பார்த்து வாங்கச் சொல்லு, ஜல்லியெல்லாம் வைக்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லும்மான்னேன். தலையாட்டிட்டு, சுருட்டின அந்தப் பத்து தாளையும் கேட்டு வாங்கிக்கிட்டா. எதுக்குன்னு கேட்டதுக்கு, "கடையில குடுக்கற கல்லு சரியா இருக்கான்னு பாக்கத்தான்க்கா"ன்னு சொல்லிட்டு ஓடிட்டா.