வானவழியின் தூரமும் காலமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும் என்பது இளமையில் நாம் கற்ற கணக்கு. அக்கணக்குப் பொய்யன்று, ஆயினும் நெடுந்தொலைவு செல்லும் ஆகாய விமானத்திற்கு அது மட்டும் போதாது. மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் விமான நிலையத்தையும் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, தூரம். நிலவுலகம் உருண்டையாதலின், தட்டையான படத்தின்மேல் இழுத்த நேர்கோடு பெரும்பாலும் குறுகிய வழியாகாது. பூகோள உருண்டையின்மேல் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுகப் பிடித்து நோக்குக. அந்நூல் இந்துமாக்கடலைக் கடந்து, இலங்கைக்கும் நம் மதுரைப் பக்கத்திற்கும் மேலாக வடமேற்கே செல்லக் காணலாம். அது உலகின் நடுவிடத்தில் ஏறக்குறைய 130½ பாகைக் கோணத்தை உண்டாக்கும். பாகை ஒன்றுக்கு நிலப்பரப்பில் 111 கிலோமீட்டர் ஆதலின், தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர் என்பது பெறப்படும்.

இரண்டாவது, வேகம். மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் விமானம் இத்தூரத்தை 16 மணி நேரத்தில் கடத்தல் வேண்டும். ஆனால், 2018 மார்ச்சு 24ஆம் நாள் பெர்த்திலிருந்து புறப்பட்டு எங்கும் தங்காது இலண்டன் சேர்ந்த முதற் பயணிகள் விமானத்திற்குச் சுமார் 17 மணி நேரம் சென்றது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும். செல்லத்தகாத வான்வெளிகளை விலக்கிச் சுற்றவும் நேரும். அன்றியும், உயர வானில் மேற்கினின்று கிழக்கே வீசும் கடுங்காற்று, இலண்டன் செல்வாரைத் தடுத்து, அங்கிருந்து திரும்புவாரை உந்தும். போகும் காலமும் மீளும் காலமும் ஒவ்வாமைக்கு இதுவே தலையாய காரணம்.

மூன்றாவது, கடிகாரம். அவ்விமானம் இரவு 7 மணியளவில் புறப்பட்டு மறுநாட் காலை 5 மணியளவில் இறங்கிற்று. பத்து மணிப் பயணமென எண்ணற்க. இலண்டன் கடிகாரம் அன்று காலை பெர்த்துக்கு 7 மணி நேரம் பிற்பட்டிருந்தது. அவ்வேழையும் கூட்டினால் 17 வருதல் காண்க.

நான்காவது, இடையில் தங்குதல். 1919இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவரும் துணைவர் இருவருடன் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரை 28 நாளில் அடைந்தனர். அவற்றுள் வானில் பறந்தது சுமார் 136 மணி நேரமே. ஏனைய காலமெல்லாம் எண்ணெய் நிரப்புதலிலும், பழுது பார்த்தலிலும், மழைக்கும் இருளுக்கும் ஒதுங்குதலிலும் கழிந்தது. 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து இலண்டனுக்குத் தொடங்கிய விமானப் போக்குவரத்துக்கோ, பல ஊர்களில் தங்கியும், நான்கு நாளே வேண்டியிருந்தது.

ஆகவே, இத்துணை ஆண்டுகளிலும் உலகம் ஒரு முழமேனும் சுருங்கவில்லை, காலமே சுருங்கிற்று. அதுவும் எளிதிற் கிடைத்த பேறன்று. 1919இல் அப்பரிசுப் போட்டியில் இறங்கியோருள் நால்வர் வழியிலேயே உயிர் நீத்தனர். இன்று பயணச்சீட்டில் ‘17 மணி’ என்று அச்சிட்டிருப்பதைக் காணும்போது, அவ்வெண்ணுள் உருண்டையின் கணிதமும் காற்றின் போக்கும் மட்டுமன்றி, அந்நால்வரின் உழைப்பும் அடங்கியுள்ளதென அறிதல் நம் கடன்.