துளைக்கருவியின் தகுதி

இரும்பிலே துளையிடும் சிறு கருவியைக் குறித்துத் தமிழ் பயிலும் மாணவர் எழுதப் புகுவது சிலருக்கு நகையை விளைத்தல் கூடும். ஆயினும் தமிழுக்கு இப்பொருள் புதிதன்று. துரத்தல் என்னும் வினைக்குத் துளைத்தல் என்ற பொருளும் உண்டு. துரப்பணம் என்னும் பெயர் அதனடியாகப் பிறந்தது. தச்சர் கையாளும் சிறு துளைக்கருவிக்குத் தமரூசி என்று பெயர். இச்சொற்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியிற் காணலாம். இக்காலத்துப் பட்டறைகளில் 'டிரில் பிட்' என்றே வழங்குவர்; யாமும் சுருக்கம் கருதிப் பிட் என்றே எழுதுவோம்.

இப்பொருளில் எமக்கு ஆர்வம் உண்டானதற்குக் காரணம் ஒன்றுண்டு. செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் 1997-இல் இரண்டாகப் பிரிந்தபோது தோன்றியது திருவள்ளூர் மாவட்டம். அதன் வடபால், கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை விரிந்து கிடக்கின்றது. ஆங்கும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும், பெரிய ஆலைகளின் வேலையைப் பகுதி பகுதியாக ஏற்றுச் செய்யும் சிறு பட்டறைகள் உள. கும்மிடிப்பூண்டியில் அத்தகைய பட்டறை ஒன்றை எம் சிற்றப்பா நடத்தி வருகின்றார். சென்ற விடுமுறையில் யாம் ஆங்குச் சில நாள் தங்கியிருந்தோம்.

அப்போது 40 தகடுகளில், தகடொன்றுக்கு 6 துளை வீதம், 10 மில்லிமீட்டர் துளையிடும் வேலை வந்திருந்தது. தகடுகளோ, எவர்சில்வர் என்று மக்கள் வழங்கும் துருவேறா எஃகு. ஒரு கடையில் பொன்னிறமாய் மின்னிய பிட்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தனர். முதல் தகடு முடியுமுன்னரே முனை மழுங்கிற்று. மூன்றாந் தகட்டில் பிட் துளைக்குள்ளேயே ஒடிந்து சிக்கிக்கொண்டது. தகடும் பாழாயிற்று. எந்திரத்தின் முன் நின்றவன் ஒடிசாவினின்றும் வந்த, எம் வயதினனாகிய ஓர் இளைஞன். பாழான தகட்டின் விலையை அவன் கூலியிற் பிடித்துக்கொள்வது என்று சிற்றப்பா சினத்தோடு கூறினார். அவன் மறுமொழி பேசாது நின்றான். தமிழில் மறுத்துச் சொல்லும் ஆற்றலும் அவனுக்கு இல்லை.

அவ்வமயம் லேத்தில் வேலைசெய்துகொண்டிருந்த முதியவர் அருகே வந்து, "முதலாளி, பையனை அப்புறம் பார்க்கலாம், முதலிற் பிட்டைப் பாருங்கள்" என்றார். ஓர் அரத்தை எடுத்து ஒடிந்த துண்டின் முறுக்குப் பகுதியில் இழுத்தார். அரம் வழுக்காமற் கடித்தது. பொன்னிறத்தின் கீழ் வெளிறிய இரும்பு தோன்றியது. அன்று மாலை அவர் எமக்குக் கற்பித்தவற்றையும், பின்னர் யாம் நூல்களிற் கண்டவற்றையும் இங்கே முறைப்படுத்தித் தருகின்றோம்.

முதலாவது, உருவம். முறுக்குப் பிட்டுக்கு 1863-இல் அமெரிக்க நாட்டு ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் தட்டையான முனைகளே பெரிதும் வழங்கின. முறுக்கிலுள்ள இரண்டு பள்ளங்களும் அழகிற்காக அமைந்தன அல்ல. வெட்டுண்ட சுருளை மேலே ஏற்றி வெளியே தள்ளுதலும், எண்ணெய் கீழிறங்க வழிவிடுதலும் அவற்றின் தொழில். வெட்டுவன முனையிலுள்ள இரு விளிம்புகளே. அவை நீளத்தாலும் சாய்வாலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் ஒரு விளிம்பே சுமை முழுதும் தாங்கும், துளையும் அளவிற் பெரிதாகும். பொதுவேலைக்கு முனைக்கோணம் 118 பாகை. துருவேறா எஃகு போன்ற வலிய உலோகங்களுக்கு 135 பாகை ஏற்றது.

இரண்டாவது, உலோகம். சாதாரணக் கரி எஃகு 250 பாகை செல்சியசு அளவிலேயே தன் கடினத்தை இழக்கத் தொடங்கும். டெய்லர், வைட் என்னும் இருவர் ஆய்ந்து கண்ட புதிய எஃகு 1900-ஆம் ஆண்டு பாரிசு கண்காட்சியில் செந்நிறமாகக் காய்ந்த நிலையிலும் இரும்பை வெட்டிக் காட்டிற்று. அதன் வழிவந்ததே ஹைஸ்பீடு ஸ்டீல். அது 600 பாகை அளவுவரை கடினம் காக்கும். எம் 2 என்னும் வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 பங்கு உள. எம் 35 என்பதில் கோபால்ட் 5 பங்கு கூடும். துருவேறா எஃகிற்கு அதுவே சிறந்தது. 1926-இல் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் வெளியிட்ட விடியா, இவற்றினும் கடியது. 'வைரம் போன்றது' என்பதே அப்பெயரின் பொருள். ஆயினும் அது எளிதில் நொறுங்குவது; ஆடும் கைத்துளைப்பானுக்கு ஆகாது. சுவரில் துளையிட விற்கும் விடியா முனைப் பிட்டை இரும்பிற் பயன்படுத்துதலும் தவறாம்.

மூன்றாவது, நிறம். உண்மையான பொன்னிறம் டைட்டேனியம் நைட்ரைடுப் பூச்சினால் வருவது. அது சில மைக்ரான் கனமே உடையது. நல்ல எஃகின்மேற் பூசினால் உராய்வு குறையும், ஆயுள் கூடும். மெலிந்த எஃகின்மேற் பூசினால் பயனில்லை. ஆகவே நிறத்தை நம்பி வாங்குவோர் ஏமாறுவர். காம்பில் எஃகின் வகையும் அளவும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று நோக்குக. கண்ணாடிமேல் உருட்டி, நேராக ஓடுகின்றதா என்று காண்க. அரத்தால் சோதிக்குமிடத்து முறுக்குப் பகுதியிலேயே சோதிக்க. காம்பு பெரும்பாலும் மென்மையாகவே விடப்படும். ஜார்ஜ் டவுன் கடைகளில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் ரசீது கேட்டுப் பெறுக. 1873-இல் சென்னையில் தோன்றிய அடிசன் போன்ற பழைய நிறுவனங்கள் நம் நாட்டிலேயே பிட்டுகளைச் செய்கின்றன. அவற்றின் பெயரைப் பொய்யாகப் பொறித்து வருவனவும் இருத்தல் கூடுமாதலின், அறிந்த விற்பனையாளரிடம் வாங்குதல் நலம்.

விலையைத் துளைக்கணக்கால் அளத்தல் வேண்டும். 100 ரூபாய்ப் பிட் 20 துளையும், 300 ரூபாய்ப் பிட் 150 துளையும் இடுமென்று கொள்வோம். முன்னதில் துளையொன்றுக்கு 5 ரூபாய். பின்னதில் 2 ரூபாய். பாழான தகட்டின் விலை இதனிற் சேரவில்லை.

நான்காவது, வேகம். நல்ல பிட்டும் வேகம் மிகின் கெடும். மென்னிரும்பிற்கு வெட்டு வேகம் நிமிடத்திற்கு 25 மீட்டர் எனவும், துருவேறா எஃகிற்கு 12 மீட்டர் எனவும் கொள்ளலாம். அதனை 1000-ஆற் பெருக்கி, பிட்டின் சுற்றளவு மில்லிமீட்டரால் வகுப்பின் சுழற்சி கிடைக்கும். 10 மில்லிமீட்டர்ப் பிட்டின் சுற்றளவு 31.4, ஆகவே மென்னிரும்பிற்கு ஏறத்தாழ 800, துருவேறா எஃகிற்கு 380 சுழற்சி. அன்று எந்திரம் 1400-இல் ஓடியது! எண்ணெயும் இடவில்லை. துருவேறா எஃகோ, வெட்டாமல் வெறுமனே தேய்த்தால் மேலும் இறுகும் இயல்பினது. ஆதலின் மெதுவான சுழற்சியும், இடைவிடாத உறுதியான அழுத்தமும், போதிய எண்ணெயும் ஒருங்கே வேண்டும்.

இவற்றை எண்ணிப் பார்த்தபோது பிழைகள் மூன்று எனத் தெரிந்தது: பிட் மெலிந்தது, எந்திரப் பட்டையை மெதுவேகச் சக்கரத்திற்கு மாற்றவில்லை, எண்ணெய் தரவில்லை. மூன்றில் ஒன்றும் அவ்விளைஞனுடையதன்று. சிற்றப்பா சிறிது நேரம் பேசாதிருந்து, "பட்டையை மாற்றச் சொல்லாதது என் பிழை" என்றார். மறுநாள் கோபால்ட் பிட்டுகள் வந்தன. எஞ்சிய தகடுகளை அவ்விளைஞனே துளைத்து முடித்தான். அவன் கூலி குறைக்கப்படவில்லை.

யாம் ஊர் திரும்புமுன் எந்திரத்தின் பின்சுவரில் பிட்டின் அளவையும் அதற்குரிய சுழற்சியையும் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தோம். அவனுக்குத் தமிழெழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும். அவற்றை ஒருமுறை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, பட்டையைத் தானே மாற்றிக் காட்டினான்.